பில்லில் ஒரு சரக்கு இரண்டு பக்கமாகப் பிரியலாமா?

மளிகை மொத்த வியாபாரத்தில் ஒரு கடைக்குப் போகும் பில்லில் நாற்பது, ஐம்பது அயிட்டம் இருப்பது சாதாரணம். ஒரே தாளில் அடங்காது. பக்கம் மாறுகிற அந்த இடத்தில்தான் தகராறு பிறக்கிறது.

அம்பத்தூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் சரக்கு அனுப்பும் நாம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். முதல் பக்கத்தின் அடியில் 'நல்லெண்ணெய் 15 கிலோ டின்' என்று இருக்கும். அதற்குரிய கழிவு மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும். கடைக்காரர் அந்தக் கழிவை அதன் கீழே வரும் கடலை எண்ணெய்க்கு உரியது என்றே எடுத்துக்கொள்வார். வசூலுக்குப் போகிறவர் ஒரு தொகை சொல்ல, கடைக்காரர் வேறு தொகை சொல்ல, இருவர் கையிலும் அதே பில்தான் இருக்கும்!

பேரேடு கையால் எழுதிய காலத்தில் நல்ல கணக்குப்பிள்ளை பக்கத்தின் அடியில் இடம் போதாவிட்டால் பதிவைத் தொடங்கவே மாட்டார். அங்கே பக்கக் கூட்டைப் போட்டு, மறுபக்கத்தின் தலையில் 'முன்பக்கக் கூட்டு' என்று எழுதித்தான் அடுத்த பதிவுக்குப் போவார். கம்ப்யூட்டருக்கு இதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வேர்டில் பில் தயாரிப்பவர்கள் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, 'டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்' சென்று, 'ரோ' என்ற பகுதியில் 'அலோ ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு வரிசை முழுதாக இந்தப் பக்கத்தில் நிற்கும்; இல்லையேல் முழுதாக அடுத்த பக்கத்துக்குப் போகும். தலைப்பு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே இடத்தில் 'ரிபீட் ஆஸ் ஹெடர் ரோ' என்பதை டிக் செய்தால் சரக்கு, அளவு, விலை என்ற தலைப்புகள் ஒவ்வொரு பக்கத்திலும் வரும்.

மொத்தத் தொகையும் கையெழுத்தும் மட்டும் கடைசித் தாளில் தனியே நிற்பது இன்னும் ஆபத்து. அந்தத் தாள் எந்தப் பில்லுக்கு உரியது என்று யார் சொல்வது? கடைசி இரண்டு மூன்று சரக்கு வரிசைகளுக்கு 'பாராகிராப்' பகுதியில் 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுத்தால் அவை மொத்தத்தோடு சேர்ந்தே போகும். அட்டவணை முழுவதற்கும் அதைக் கொடுத்தால் பயனில்லை.

சிலர் இடையில் வெற்று வரிசைகளைச் சேர்த்து ஒப்பேற்றுகிறார்கள். அடுத்த பில்லில் ஒரு அயிட்டம் கூடினால் எல்லாம் இடம் மாறிவிடும்.

எக்செல் வேறு மாதிரி. அது வழக்கமாக ஒரு வரிசையை நடுவில் வெட்டாது. ஆனால் பெயருக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று என்று ஒரு சரக்கை இரண்டு வரிசைகளில் போட்டால் அவற்றைப் பிரித்துவிடும். கழிவுக்குத் தனிப் பத்தி வைப்பது நல்லது. தலைப்புக்கு 'பேஜ் லேஅவுட்', 'பிரின்ட் டைட்டில்ஸ்', 'ரோஸ் டு ரிபீட் அட் டாப்' என்று போக வேண்டும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் வைத்திருப்பவர்கள் தாளின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். அங்குலத்துக்கு 6 வரி வீதம் 12 அங்குலத் தாளில் 72 வரிகள். 11 அங்குலத்தில் 66. புரோகிராமில் 66 என்று வைத்துவிட்டு 12 அங்குலத் தாளை மாட்டினால் பக்கத்துக்கு 6 வரி நகரும். மூன்றாம் நான்காம் தாளில் சரக்கு துளைக்கோட்டின் மேலேயே அச்சாகும்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் எச்.எஸ்.என். எண், வரி விகிதம் என்று ஒவ்வொரு சரக்குக்கும் விவரம் கூடிவிட்டது. பத்திகள் நெருங்கி, பெயர்கள் இரண்டு மூன்று வரிகளாக மடிகின்றன. சரக்கு பில்லுக்கு மூன்று படிகள் வேண்டும். அதில் ஒன்று வண்டியோடு போவது. வழியில் தாள் பிரிந்தாலும் புரியும்படி ஒவ்வொரு தாளிலும் பில் எண்ணும், '2/3' என்பது போல் பக்க எண்ணும் இருக்கட்டும்.

பில் அமைத்துத் தருபவர் ஐந்து அயிட்டம் போட்டு மாதிரி காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நீளமான பெயர்களாக நாற்பத்தைந்து போட்டு, தாளில் அச்செடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.