குறிசுடும் விளையாட்டும் முதல் துப்பாக்கியும்

கேமரன் மலைத் தோட்டத்து நேயர்களே! குறிசுடும் விளையாட்டில் நம் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் காற்றுத் துப்பாக்கியால் குறிசுட்ட நூர் சுரியானி தைபி நம் நாட்டவர்தாமே! முதல் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கையால் தாழ்ப்பாளைத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி நெடுந்தூரக் குறிக்கு ஏற்றது. சுடும்போது தாழ்ப்பாள் அசையாமல் இறுகி நிற்பதால் குண்டுகள் சிதறுவது குறையும். தொடக்கத்தில் பெரிய தோட்டா வேண்டாம். அதன் உதைக்குத் தோள் அஞ்சினால் குறி தவறும். 50 மீட்டர் போட்டிக்குரிய 5.6 மில்லிமீட்டர் தோட்டாவே போதும். கொழுந்துக் கூடை முதுகுக்குப் பொருந்துவதுபோல், துப்பாக்கியின் அடிக்கட்டை தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று: 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் காற்றுத் துப்பாக்கிகூட வைத்திருக்கலாகாது, மீறினால் சிறை. ஆகவே நாம் முதலில் தேட வேண்டியது துப்பாக்கியை அல்ல, அனுமதி பெற்ற சுடும் கழகத்தை. அங்கே பயின்ற பின்னரே மற்றவை.