பற்றுச்சீட்டு செலவானது, மின்சாரம் மிச்சமானதா?

பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்ற அரசாங்கம் பற்றுச்சீட்டு கொடுத்தால் மின்சாரம் மிச்சமாகுமா? பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஓர் ஒப்படைப்புக்காகத் தகவல் திரட்டியபோது, கேள்வி எளிது, பதில்தான் சிரமம் என்று புரிந்தது.

சிங்கப்பூரின் ‘பருவநிலைக்கு உகந்த வீடுகள்’ திட்டம் 2020 நவம்பரில் தொடங்கியபோது, ஓரறை முதல் மூவறை வரையிலான வீவக வீடுகளுக்கு மட்டுமே பற்றுச்சீட்டு கிடைத்தது. 2024 ஏப்ரலில் எல்லா வீவக குடும்பங்களுக்கும் 300 வெள்ளி என்றானது. 2025ல் அதனுடன் மேலும் 100 வெள்ளி சேர்ந்தது. தனியார் வீடுகளில் வாழும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் 400 வெள்ளி வந்தது.

ஈரறை வீட்டில் வசிக்கும் என் பாட்டி, அந்தச் சீட்டு இல்லையென்றால் பெட்டி அடியோடு நின்றுபோகும்வரை மாற்றியிருக்க மாட்டார். கூட்டுரிமை வீட்டில் இருக்கும் என் நண்பன் குடும்பமோ, ஐந்து ‘டிக்’ குளிர்சாதனம் வாங்க முன்பே முடிவுசெய்திருந்தது. அவர்களுக்கு அது வெறும் தள்ளுபடி. சீட்டு இரண்டு வீட்டிலும் செலவானது. ஆனால் முடிவை மாற்றியது ஒரு வீட்டில்தான். எனவே, எத்தனை சீட்டுகள் பயன்படுத்தப்பட்டன என்ற எண்ணிக்கையை வைத்து இத்தகைய திட்டத்தை எடைபோட முடியாது என்பது என் கருத்து.

மெக்சிகோவின் அனுபவம் இன்னும் சுவாரசியமானது. 2009 முதல் 2012 வரை 1.9 மில்லியன் குடும்பங்கள் பழைய பெட்டியையோ குளிர்சாதனத்தையோ மாற்ற அந்நாட்டு அரசாங்கம் உதவியது. லூக்கஸ் டேவிஸ், ஆலன் ஃபுக்ஸ், பால் கெர்ட்லர் ஆகிய பொருளியலாளர்கள் மின்கட்டண விவரங்களை ஆராய்ந்து 2014ல் வெளியிட்ட கட்டுரைப்படி, குளிர்பதனப் பெட்டியை மாற்றிய வீடுகளில் பயன்பாடு 8 விழுக்காடு குறைந்தது. எதிர்பார்த்ததில் அது கால்பங்குதான். குளிர்சாதனத்தை மாற்றிய வீடுகளில் பயன்பாடு கூடிவிட்டது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோவாட் குளிர்சாதனம் 8 மணி நேரம் ஓடினால் 8 யூனிட். 30 விழுக்காடு சிக்கனமான புதியதற்கு 5.6 யூனிட் போதும். ஆனால், “இதுதான் கரண்ட்டைக் கம்மியா இழுக்குதே” என்று 12 மணி நேரம் ஓடவிட்டால் 8.4 யூனிட். (என் தம்பியைப் பார்த்தால் 12 மணி நேரம் மிகையாகத் தெரியாது.)

அதனால் எனக்குப் பிடித்தது, யாரும் அதிகம் பேசாத ஒரு விதி. 2008ல் குளிர்சாதனங்களுக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் எரிசக்தி முத்திரை கட்டாயமானது. 2011 முதல் குறைந்தபட்சத் தரத்தை எட்டாதவற்றைக் கடைகளில் விற்கவே முடியாது. விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கூட மிக மோசமான ரகத்தில் மாட்டிக்கொள்ள மாட்டார்.

பற்றுச்சீட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறிய வீடுகளுக்குக் கூடுதலாகவும், வசதியானவர்களுக்குக் குறைவாகவும் கொடுத்து, பொருளை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஓராண்டு மின்பயன்பாட்டை ஒப்பிடலாமே. பாட்டி வீட்டின் பழைய கட்டண அறிக்கைகளைத் தேடி எடுத்துவிட்டேன். புதிய பெட்டி வந்தபின் மூன்று மாத அறிக்கைகள் கையில் உள்ளன. இன்னும் ஒன்பது வர வேண்டும்.