பார்வையும் ஓர் அமானிதமே

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இல்லத்தில் தலை கோதிக்கொண்டிருந்தபோது, ஒருவர் கதவின் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். நபியவர்கள் அவரைக் கடுமையாக எச்சரித்து, உள்ளே வர அனுமதி கேட்கும் விதி ஏற்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்கள் இதனை அறிவிக்கின்றன.

இன்று அத்துவாரம் மூக்குக்கண்ணாடியின் விளிம்பில் வந்து அமர்ந்திருக்கிறது. 2013இல் கூகுள் நிறுவனம் 1,500 டாலர் விலையில் அளித்த கேமராக் கண்ணாடி, பலத்த எதிர்ப்புக்குள்ளாகி, 2015இல் பொது விற்பனையிலிருந்து நின்றது. 2021இல் பேஸ்புக்கும் ரேபானும் கூட்டாக வெளியிட்ட கண்ணாடியோ சாதாரணக் கண்ணாடி போன்றே தோன்றுவது. படம் பிடிக்கையில் ஒரு சிறு விளக்கு எரியும். எதிரே நிற்பவருக்கு அது போதிய அறிவிப்பாகுமா என்று அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள் அவ்வாண்டே வினவினர். 2024இல் ஹார்வர்டு மாணவர் இருவர், இத்தகைய கண்ணாடியை முகமறியும் மென்பொருளுடன் இணைத்து, வழியில் கண்ட அந்நியரின் பெயரையும் முகவரியையும் அறிந்து காட்டினர்.

“வீதியில் எவரும் காண்பதைத்தானே படம் பிடிக்கிறோம்?” என்பர் சிலர். கண் கண்டது மறந்துபோகும். கருவி கண்டதோ அழியாது கைமாறும். மருத்துவமனை வாயிலில் கலங்கி நிற்கும் தாயின் முகம் பிறருக்குக் காட்சிப் பொருளாகலாமா?

துருவி ஆராய்தலைத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் தடுக்கின்றது. விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும், அனுமதி கேட்பதே முஸ்லிமின் பண்பு. பிறர் மானம் காக்கும் பார்வையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!