பேச்சு அறுந்த விமானம்

நம் தமிழ்க் குடும்பங்களில் சில பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விமானம் ஓட்டுகிறார்கள். பெரியவர்கள் கண்ணுக்கு அது வெறும் விளையாட்டு. ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்குமுறை இருக்கிறது. பேரன் சொல்லிக் கேட்டதையும், நானே தேடிப் படித்ததையும் வைத்து, அதில் ஒரே ஒரு பகுதியை விளக்குகிறேன்: பறக்கும்போது கன்ட்ரோலருடன் பேச்சு அறுந்துபோனால் என்ன செய்வது?

முதலில் விளையாட்டின் அமைப்பு. 1998இல் தொடங்கிய ஐவாவோ, 2001இல் தொடங்கிய வாட்சிம் என்று இரண்டு பெரிய வலையமைப்புகள் உள்ளன. கட்டணம் கிடையாது. ஒருவர் விமானியாக வருவார். இன்னொருவர் நம் டம்டம் விமான நிலையத்தின் கன்ட்ரோலராக உட்காருவார். அவர் இருப்பது டெல்லியாகவும் இருக்கலாம், லண்டனாகவும் இருக்கலாம். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் நிஜ விமானிகள் பேசும் முறையிலேயே பேச வேண்டும்.

பேச்சு அறுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. மைக் வயர் கழன்றிருக்கும். அலைவரிசை எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருக்கும். சத்தம் குறைத்து வைத்திருக்கும். ஆகவே முதல் வேலை, பதறாமல் இவற்றைச் சரிபார்ப்பது. அடுத்தது, கடைசியாகப் பேசிய பழைய அலைவரிசைக்குத் திரும்பிக் கூப்பிட்டுப் பார்ப்பது. குரல் போகவில்லையா, எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பலாம். அதற்கு அனுமதி உண்டு. தன்னோடு தொடர்பு கொள்ளும்படி கன்ட்ரோலரிடமிருந்து செய்தி வந்தால் உடனே கவனிக்க வேண்டும். இணைப்பே போய்விட்டால் கன்ட்ரோலரின் திரையிலிருந்து விமானம் மறைந்துவிடும். மறுபடி இணையும்போது ரன்வேயின் நடுவில் முளைத்து நின்று மற்றவர் வழியை மறிக்கக் கூடாது.

நிஜ விமானத்தில் இதே வரிசைதான், ஆனால் எழுத்து வசதிக்குப் பதில் வேறு சாதனங்கள். டிரான்ஸ்பாண்டரில் 7600 என்று வைத்தால், ‘என் ரேடியோ பழுது’ என்று ரேடார் திரையில் தெரியும். 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையிலும் கூப்பிடலாம். தான் பேசுவதாவது கேட்கக்கூடும் என்று எண்ணி, தகவலை இரண்டு முறை சொல்லி வைப்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் கண்பார்வையிலேயே பறந்து, தகுந்த பக்கத்து விமான நிலையத்தில் இறங்கிவிட வேண்டும். டவரிலிருந்து நிலையான பச்சை விளக்கு வந்தால் இறங்கலாம். நிலையான சிவப்பு வந்தால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். புரிந்தது என்பதற்குப் பகலில் இறக்கையை ஆட்டிக் காட்டுவார்கள்.

நம் ஊர்க் கால்பைசாகி மேகம் போல எதுவும் தெரியாத நிலையானால்? பொதுவான சர்வதேச முறைப்படி, ரேடார் உள்ள இடத்தில் 7 நிமிஷம், இல்லாத இடத்தில் 20 நிமிஷம், கடைசியாகச் சொன்ன உயரத்தையும் வேகத்தையும் விடக் கூடாது. அதன் பிறகு, முன்பே எழுதிக் கொடுத்த பயணத் திட்டத்தின்படி போக வேண்டும். நாட்டுக்கு நாடு நுணுக்கம் மாறும், அடிப்படை இதுதான்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? விமானிக்குக் காது போய்விட்டது. கன்ட்ரோலருக்கோ அவர் மனசு தெரியாது. அவர் எந்த வழியில், எந்த உயரத்தில் வருவார் என்று ஊகிக்க முடிந்தால்தான் மற்ற விமானங்களை ஒதுக்கி வழி செய்ய முடியும். படாபஜாரில் ட்ரங்க் கால் கிடைக்காத காலத்தில் நாங்கள் வியாபாரம் செய்ததும் இப்படித்தான். கடைசியாக ஒப்புக்கொண்ட விலை, ஒப்புக்கொண்ட தேதி. அதன்படி சரக்கு போகும். நடுவில் ஒருவர் புது யோசனை செய்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

மௌனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2017 பிப்ரவரி 16 அன்று மும்பையிலிருந்து லண்டன் சென்ற ஜெட் ஏர்வேஸ் விமானம், ஜெர்மனி வானில் சில நிமிஷம் கன்ட்ரோலர்களின் தொடர்பில் இல்லாமல் போயிற்று. உடனே ஜெர்மன் போர் விமானங்கள் எழும்பிப் பக்கத்தில் வந்துவிட்டன. தொடர்பு திரும்பி, விமானம் லண்டனில் பத்திரமாக இறங்கியது. பேசாத விமானத்தை யாரும் சும்மா விடுவதில்லை.

விளையாட்டில் உயிர் போகாது, உண்மை. ஆனால் இணையத்தில் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர் தன் நேரத்தைக் கொடுத்து வந்தவர். அவர் பின்னால் பத்து விமானம் காத்திருக்கும். ஆள் இல்லாமல் 30 நிமிஷம் விட்டுவைத்தால் வாட்சிம் இணைப்பை நீக்கலாம். கடத்தலைக் குறிக்கும் 7500 எண்ணை அங்கே போடவே கூடாது. 7600 போட்டு அவசர நிலையைப் பயிலலாம். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இறங்குகிற நேரத்தில் நெட் ஒயரைப் பிடுங்காதீர்கள். ‘எத்தனை நிமிஷத்தில் இறங்குவாய்?’ என்று கேளுங்கள். பிள்ளைகளே, நீங்களும் சொன்ன நேரத்துக்கு இறங்கிச் சாப்பிட வாருங்கள். பேச முடியாத நேரத்திலும் சொன்னபடி நடப்பான் என்று நாலு பேர் நம்பும்படி இருப்பதுதான் இந்த விளையாட்டு கற்றுத்தரும் பாடம். ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு அது புதிய பாடமும் அல்ல.