கெமராவுக்கு முன்னால் யார் பேசுகிறார்?

"ஆவணப்படம் எண்டா என்ன சேர், செய்தியா, சினிமாவா?" உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இப்படிக் கேட்பதுண்டு. இரண்டுமில்லை என்பேன். செய்தி நடந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடும். நல்ல ஆவணப்படம் நடப்பவற்றின் பக்கத்திலேயே நெடுநாள் இருந்து, அவை ஏன் நடக்கின்றன என்று பார்க்கும். அதன் நேர்மையை அறிய நான் மூன்று கேள்விகளைக் கேட்பேன்: யார் பேசுகிறார்? யார் படம் பிடிக்கிறார்? யார் பணம் கொடுக்கிறார்?

நம் நாட்டில் எடுக்கப்பட்ட 'சோங் ஒஃப் சிலோன்' (1934) படத்தையே பாருங்கள். நெறியாளர் பெசில் ரைட் என்ற ஆங்கிலேயர். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலையை விளம்பரப்படுத்திய சபை. படம் அழகானது, உலகப் புகழும் பெற்றது. ஆனால் அதன் வர்ணனை 1681இல் வெளியான ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது; வாசித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட். கொழுந்து பறிக்கும் பெண்கள் திரையில் வருகிறார்கள். அவர்களின் கூலி எவ்வளவு, லயன் அறை எப்படி என்று அவர்கள் வாயால் ஒரு சொல்லும் வராது.

அடுத்த ஆண்டே லண்டனில் 'ஹவுசிங் புரொப்ளம்ஸ்' வந்தது. ஆர்தர் எல்டனும் எட்கர் அன்ஸ்டேயும் பாரமான ஒலிப்பதிவுக் கருவிகளை ஸ்டெப்னிச் சேரிக்குள் கொண்டுபோனார்கள். அங்கு குடியிருந்தவர்கள் எலித் தொல்லையையும் இடிந்த சுவர்களையும் பற்றித் தங்கள் சொந்தப் பேச்சிலேயே கெமராவைப் பார்த்துச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய மாற்றம். ஆனால் செலவை ஏற்றது எரிவாயுத் தொழில்துறை. ஆகவே புதிய வீடு கட்டுவதே தீர்வு என்று படம் முடிகிறது. அந்த மக்கள் ஏன் ஏழைகளானார்கள் என்ற கேள்விக்குள் அது போகவில்லை.

பலஸ்தீனின் பில்ஈன் கிராமத்தில் கெமரா ஊரவர் கைக்கே போனது. விவசாயியான இமாத் புர்னாத், 2005இல் தன் நான்காவது மகன் பிறந்தபோது ஒரு கெமரா வாங்கினார். அதே காலத்தில் ஊர்க் காணிகளை ஊடறுத்துத் தடுப்புவேலி வந்தது. மகன் வளர்வதையும் ஊர் போராடுவதையும் சேர்த்தே பிடித்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கெமராக்கள் உடைந்தன. 'ஃபைவ் புரோக்கன் கெமராஸ்' (2011) அதிலிருந்து பிறந்து, ஒஸ்கார் பரிந்துரை வரை போனது. இஸ்ரேலியரான கை தவீதி இணை நெறியாளர். இஸ்ரேலிய நிதியமொன்றும் உதவியது. அதனால் இந்தப் படமும் பணம் பற்றிய கேள்விக்குத் தப்பவில்லை.

இதெல்லாம் நமக்கெதற்கு? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது முப்பது வயதில் இருந்த உம்மாமாருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அவர்களைப் பற்றி மற்றவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வதைப் பதிவுசெய்ய நம் பிள்ளைகளின் கையிலுள்ள ஃபோனே போதும்.

பதிவுசெய்யப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டு விசயம் மட்டும் சொல்வேன். சம்மதம் கேட்காமல் ஃபோனை நீட்டாதீங்க. வெட்டித் தொகுத்த பிறகு, வெளியே விட முன்னர் அவங்களுக்கே முதல்ல போட்டுக் காட்டுங்க. "இதை எடுத்துரு மகன்" என்று அவர் சொன்னால், அந்த இடத்தை எடுத்துவிட வேண்டும்.