நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள்

“சவ்வு தேஞ்சு போச்சு, இனி காலை ரொம்ப ஆட்டாதீங்க.” முட்டி வலிக்காரர் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். என் அம்மாவுக்கும் சொன்னார்கள். முதலில் மாடிக்குத் துணி காயப்போடப் போவதை நிறுத்தினார். அடுத்து, கோயிலுக்கு நடப்பதை. ஒரே வருடத்தில், கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஓய்வு கொடுத்தும் வலி கூடியதுதான் மிச்சம்.

இது நடக்கக்கூடியதுதான். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. காலை மடக்கி நீட்டும்போது அது அழுந்தி விரிகிறது. அப்போது மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் உள்ளே போகிறது. உடலின் பளுவை முழங்காலோடு பகிர்ந்துகொள்வது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டால் அந்தத் தசை மெலிந்து, பளு மூட்டின் மேல் இறங்குகிறது. அதனால்தான் மூட்டுத் தேய்மானத்துக்கு முதற்கட்ட சிகிச்சைகளில் ஒன்றாக உடற்பயிற்சியை மருத்துவ வழிகாட்டுதல்கள் வைக்கின்றன.

ஆனால் வலிக்கிற காலோடு பஸ் ஏறி, வாரா வாரம் பிசியோதெரபிஸ்ட்டிடம் போவது எல்லோராலும் ஆகிற காரியமா? ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி தேடினார்கள். ‘மை நீ எக்சர்சைஸ்’ என்ற இலவச இணையதளத்தை உருவாக்கி, முழங்கால் தேய்மானம் உள்ள 206 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு நோயைப் பற்றிய தகவல்கள் மட்டும். மறுபாதிக்கு அதோடு 24 வாரத் தசைப் பயிற்சி, நடமாட்டத்தைக் கூட்டும் ஆலோசனை, கைப்பேசிக்குத் தானாக வரும் குறுஞ்செய்திகள். பிசியோதெரபிஸ்ட் யாரும் பக்கத்தில் இல்லை.

2021-இல் முடிவு வெளியானது. பயிற்சி செய்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு, தாங்களே உணரும் அளவுக்கு வலி குறைந்திருந்தது. தகவல் மட்டும் படித்தவர்களில் 42 சதவீதம். இந்த வலி ஏறி இறங்கும் குணமுள்ளது. தகவல் மட்டும் படித்தவர்களில் இத்தனை பேர் தேறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என்னைக் கவர்ந்தது அந்தக் குறுஞ்செய்திதான். பயிற்சி வீடியோ யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. நான்கு நாள் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். இங்கே, இந்த வாரம் எத்தனை முறை செய்தீர்கள் என்று கேள்வி வரும். குறைந்திருந்தால் ஏன் என்று கேட்கும்: மறதியா, வலியா, அலுப்பா? பதிலுக்கு ஏற்றாற்போல் ஒரு யோசனை வரும்.

ஆள் முகம் பார்த்துப் பேசினால்தான் நம்பிக்கை வரும் என்பவர்களுக்கு வீடியோ அழைப்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலேயே 394 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பிசியோதெரபிஸ்ட்டை நேரில் போய்ப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பலனுக்கு, வீடியோவில் பார்த்தவர்களின் பலன் குறைவில்லை.

தேய்ந்த குருத்தெலும்பைப் பயிற்சி திரும்ப வளர்க்காது. பலனும் ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாகப் பார்த்தால் சிறியது என்றே பெரிய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. வீக்கமும் சூடும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், மூட்டு பூட்டிக்கொண்டால், விழுந்து அடிபட்டிருந்தால் வீடியோவை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அம்மா தொடங்கியது நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியோடு. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்பதால் சுவரோடு ஒட்டிப் போட்டோம். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்காலுக்குச் சிரமம் அதிகம். ஜமுக்காளத்தை நான்காக மடித்து மேலே விரித்தோம். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். தசைக்கு வேலை அங்கேதான். முதல் நாள் ஐந்து முறை. செய்யும்போது தாங்கக்கூடிய வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி தணியவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இணையதளத்தின் ஆங்கிலம் அம்மாவுக்குப் புரியாது. அதனால் குறுஞ்செய்தியின் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பேன், “இந்த வாரம் எத்தனை நாள்மா?” போன வாரம் “ஒரு நாள்தான்” என்றார். “ஏன், வலியா?” “வலி இல்லப்பா, காலையில வேலையில மறந்துடுது.” இப்போது சாயங்கால சீரியலில் விளம்பரம் வரும்போது செய்கிறார்.