ஊரறியப் போட்ட படம்

2008 நவம்பரில் மும்பை தாஜ் ஓட்டலுக்குள் இருந்த பயங்கரவாதிகளுக்கு வெளியே நடப்பதைச் சொல்ல உளவாளி தேவைப்படவில்லை. அவர்களை இயக்கியவர்கள் பாகிஸ்தானில் உட்கார்ந்து நம் தொலைக்காட்சிகளின் நேரலையைப் பார்த்தார்கள். பார்த்ததைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தாக்குதலில் பிடிபட்ட பயங்கரவாதி கசாபின் வழக்குத் தீர்ப்பில் (2012) உச்ச நீதிமன்றம் இதற்காக ஊடகங்களைக் கடுமையாகச் சாடியது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக் கேபிள் டிவி விதிகள் இப்போது தடை போடுகின்றன. கைபேசி வைத்திருக்கும் நமக்கு அந்த விதி பொருந்தாதுதான். ஆனால் 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது பாதுகாப்பு அமைச்சகம், படை நடமாட்டத்தை நேரலை செய்யாதீர்கள் என்று தனிநபர்களையும் கேட்டுக்கொண்டது. ராணுவ வண்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவதை இன்னமும் தேசபக்தி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பொதுவில் கிடப்பதைப் பார்த்தே துப்பு எடுக்கும் இதே வழியை அரசுகளும் பின்பற்றுகின்றன. ஒட்டுக்கேட்க வேண்டாம், பூட்டை உடைக்க வேண்டாம். படத்தின் பின்னணியில் தெரியும் மலை, கடைப் பலகை, நிழல் சாயும் திசை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் இடம் சிக்கிவிடும். ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் ஆள் ஒருவர் தம் தலைமையகத்தின் முன் எடுத்துப் போட்ட படத்தை வைத்து, ஒரே நாளுக்குள் அந்தக் கட்டடத்தைக் குண்டுவீசித் தகர்த்ததாக 2015-ல் அமெரிக்க விமானப்படைத் தளபதி ஒருவரே சொன்னார். 2018-ல் ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலியின் உலக வரைபடம், சிப்பாய்கள் ஓடிய தடங்களால் ராணுவ முகாம்களையே காட்டிக்கொடுத்தது.

கண்டுபிடிப்பது எளிது, தவறாகக் கண்டுபிடிப்பது அதைவிட எளிது. 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின், காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் பயனர்கள் முடிவுகட்டினார்கள். அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மகனைத் தேடித் தவித்த குடும்பத்தின் மேல் வசை பொழிந்த பிறகுதான் ரெடிட் மன்னிப்புக் கேட்டது. இணையத்தில் துப்பறிவதை வீரமாக எண்ணுபவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைக்கலாம்.

நம் சட்டம் எவ்வளவு காக்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதில் அரசு கை வைக்கச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அளவும் மீறக்கூடாது. 2018-ல் சமூக ஊடகப் பதிவுகளைக் கண்காணிக்க மத்திய அரசு ஒரு மையம் தொடங்கப் பார்த்தபோது வழக்கு வந்தது. கண்காணிப்பு அரசாக மாறுவதா என்று நீதிமன்றம் கேட்டதும் திட்டம் வாபஸ் ஆனது. ஆனால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. நீங்களே பொதுவில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்கும் தரலாம். ஆகவே முதல் காவல் உங்கள் கையில்தான்: கணக்கைப் பூட்டுங்கள், கேமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்துங்கள், பிள்ளையின் பள்ளிச் சீருடைப் படத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

பதிவு ஒன்றுக்காகக் காவல்துறை அழைத்தால் பதறி அதை அழிக்காதீர்கள், ஆதாரத்தை அழித்ததாகிவிடும். எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். கைதானால் காரணத்தை அறியவும் வழக்கறிஞரைக் கலந்துபேசவும் அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு உரிமை தருகிறது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் (உபா) கைது என்றாலும் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையில் காசில்லாதவர்கள் 15100-ஐ அழைத்துச் சட்ட உதவி கேட்கலாம்.

உங்கள் பெயரிலோ படத்திலோ போலிக் கணக்கு கிளம்பினால் திரைப்பதிவும் இணைப்பு முகவரியும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் எழுதுங்கள். பணமும் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். நிறுவனத்தின் பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.